உறவுசார் உளச்சிகிச்சையும் மெய்யியலும்

உறவுசார் உளச்சிகிச்சை என்பது சிகிச்சையாளருக்கும் அவரை நாடி வருபவருக்கும் இடையில் உருவாகும் உறவையே குணப்படுத்தும் முதன்மைக் கருவியாகக் கொள்ளும் முறை. உளப்பகுப்பாய்வாளர்களான ஸ்டீபன் மிட்செலும் ஜே கிரீன்பெர்க்கும் 1983-இல் வெளியிட்ட நூலுக்குப் பின் இது தனிப்போக்காக வளர்ந்தது.

இதன் மெய்யியல் வேர்களுள் ஒன்று மெய்யியலாளர் மார்ட்டின் பூபர் 1923-இல் முன்வைத்த 'நான்–நீ' கோட்பாடு. பிறரைப் பயன்படுபொருளாக அணுகுவதும் முழு ஆளாக எதிர்கொள்வதும் வெவ்வேறு என்கிறது அது. 1957-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கார்ல் ரோஜர்சுடன் உரையாடிய பூபர், சிகிச்சையறையில் இருவரும் சமநிலையில் இருக்க இயலாது என வாதிட்டார். அந்தச் சமநிலை இயலுமா என்பது இத்துறையின் ஆழமான கேள்விகளுள் ஒன்று.

இத்தகைய நேருக்கு நேர் சந்திப்புக்குத் தமிழ்நாட்டின் பழனி மலைத்தொடரிலும் ஓர் இணை உண்டு. அங்கு மெய்யியல் கல்வி பழையது. இயேசு சபையினரின் செண்பகனூர் திரு இருதயக் கல்லூரி 1895-இல் தோன்றியது. கொடைக்கானலை அடுத்த பெருமாள்மலையில், காமகுராவில் யமதா கோஉனிடம் ஜென் பயின்ற இயேசு சபைத் துறவி அருள் மரிய ஆரோக்கியசாமி, 1996-இல் போதி சென்டோ என்னும் ஜென் மையத்தை நிறுவினார். ஆசிரியரும் பயில்பவரும் தனியே நேருக்கு நேர் அமரும் 'தோகுசான்' என்னும் ஜென் சந்திப்பு, உறவுசார் சிகிச்சைக்கு நெருங்கிய ஆன்மிக வடிவம் எனலாம். எனினும் போதி சென்டோ தியான மையமே. சிகிச்சை நிலையம் அன்று.