பேருக்கு விலையா, பொருளுக்கு விலையா?

1998-இல் என் மகள் கல்லூரியில் சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள். அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் இருந்தேன். பி.எஃப். கடன் போட்டால்தான் முடியும். கம்பெனி பேர் போட்ட பெட்டிக்கும், உள்ளூர்ப் பையன் ஒருவர் சென்னை ரிச்சி தெருவில் சாமான் வாங்கி வந்து பூட்டித் தரும் பெட்டிக்கும் ஏறக்குறைய இருபதாயிரம் ரூபாய் வித்தியாசம்.

அந்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைச் சேவித்துவிட்டுப் பால்கோவா வாங்கினோம். அடுத்த கடையில் விலை குறைவு. என் மனைவி வழக்கமான கடையை விட்டு நகரவில்லை. "வாயில போட்டாத் தெரியுதுல்ல" என்றாள். ஊர் திரும்பியதும் அந்தப் பையனிடம் இரண்டு வகைப் பெட்டியையும் திறந்து காட்டச் சொன்னேன். இரண்டிலும் இன்டெல் சில்லுதான், ஓடுவதும் ஒரே விண்டோஸ்தான். ருசியில் வித்தியாசம் இல்லை. பூட்டிய பெட்டியையே வாங்கினேன்.

இந்த நிலைமைக்கு விதை போட்டது ஐ.பி.எம். 1981-இல் தன் பி.சி.யை விரைவாகக் கொண்டுவர, சில்லை இன்டெலிடமும் டாஸை மைக்ரோசாஃப்டிடமும் வாங்கிப் பூட்டியது. அதே சாமான்கள் மற்றவர்களுக்கும் கிடைத்தன. ஐ.பி.எம்.முக்கே சொந்தமாக இருந்தது பயாஸ் என்ற சிறு மென்பொருள்தான். அதற்கு ஈடானதைக் காம்பேக் தானே எழுதிக்கொண்டது. சந்தை பெருகியது, ஐ.பி.எம். பேருக்கு இருந்த விலை கரைந்தது. 2005-இல் அந்தத் தொழிலே சீனத்து லெனோவாவிடம் போய்விட்டது.

ஆப்பிள் வேறு வழியில் போனது. 1984-இல் மெக்கின்டாஷின் விலை 2,495 டாலர். அதன் மென்பொருளை நடுவில் சில ஆண்டுகள் வெளியாருக்கும் கொடுத்துப் பார்த்தது. 1997-இல் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் அதை நிறுத்தினார். வாங்குவோர் குறைவுதான். ஆனால் அந்த ருசி வேறு கடையில் கிடையாது. அதனால் விலை நின்றது.

நம் திருச்செந்தூர்ப் பக்கத்து சிவ் நாடார் நண்பர்களோடு 1976-இல் தொடங்கியது எச்.சி.எல். ஐ.பி.எம். 1978-இல் இந்தியாவை விட்டுப் போனபின் நன்றாக வளர்ந்தது. பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகள் ஒரு பக்கம், பூட்டித் தரும் கடைகள் மறுபக்கம். 2005-இல் பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு கம்ப்யூட்டர்கூட விற்றுப் பார்த்தார்கள். 2013-இல் கம்ப்யூட்டர் தயாரிப்பைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டார்கள். எல்லாரும் ஒரே பாலைக் காய்ச்சும்போது கூடுதல் விலை கேட்க யாராலும் முடியவில்லை.

எனக்குப் பூட்டிக் கொடுத்த பையனும் தப்பவில்லை. பெட்டி மக்கர் செய்தால் அன்று மாலையே டி.வி.எஸ். 50-இல் வந்து நிற்பார், காசும் கேட்கமாட்டார். மடிக்கணினி மலிவானது. 2011 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது இலவசமாகவும் வந்தது. அவர் கடையைப் பூட்டிவிட்டார். அவர் வந்து போனதற்கு ஒரு விலை இருந்தது. அதை அவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.