வேகவண்டி கட்டினவர்கள்

ஹென்றி ஃபோர்டு 1908-ஆம் ஆண்டு அக்டோபரில் டெட்ராய்ட் நகரத்திலிருந்து வெளியிட்ட ‘மாடல் டி’ என்னும் மோட்டார் வண்டியை வேகத்துக்காக விரும்பி வாங்கியவர் அரிது. சேற்றுப் பாதையில் தானிய மூட்டைகளோடு சந்தைக்குப் போய் இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டிய குடியானவனுக்காகவே அது பிறந்தது. தரையிலிருந்து உயர எழும்பி நிற்கும் அச்சுகளும், 20 குதிரைசக்தி எஞ்சினும், மணிக்கு 40, 45 மைலுக்கு மேல் போகாத சாதுவான சுபாவமும் அதன் லட்சணங்கள். ஆயினும் முதல் உலக யுத்தத்தை ஒட்டிய ஆண்டுகளிலும் அதன் பின்னரும், அமெரிக்கச் சிற்றூர்களின் பட்டறைகளில் இளைஞர்கள் தம் கையாலேயே கட்டிய வேகவண்டிகளில் மிகப் பல இந்தக் குடியானவன் வண்டியின் எலும்புக்கூட்டின்மீதே எழுந்தன. ‘ஸ்பீட்ஸ்டர்’ என்று வழங்கிய அவ்வண்டிகளின் கதையைப் பெருங் கம்பெனிகளின் சரித்திரத்துக்கு ஓர் அடிக்குறிப்பாக ஒதுக்கிவிடுவது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம். ஒரே மாதிரியான வண்டிகள் லட்சக்கணக்கில் நாடெங்கும் பரவியதனாலேயே, ஒன்றைப்போல் மற்றொன்று இராத வண்டியைச் சாமானிய மனிதன் கட்ட முடிந்தது. யந்திர யுகத்தின் இந்த விசித்திரத்தை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காண முடியாது.

அவ்விளைஞர்களின் கண்முன் நின்ற இலட்சிய உருவங்கள் இரண்டு. நியூ ஜெர்சி மாநிலத்து ட்ரென்டன் நகரில், ஃபின்லி ராபர்ட்சன் போர்ட்டர் என்னும் எஞ்சினியர் வகுத்துக் கொடுத்த ‘மெர்சர் ரேஸபவுட்’ 1911-இல் விற்பனைக்கு வந்தது. இண்டியானாபொலிஸ் நகரத்து ‘ஸ்டட்ஸ் பேர்கேட்’ அதற்கு அடுத்த ஆண்டில் வந்தது. கதவும் கூரையும் இல்லாமல், தாழ்வாக அமைந்த இரண்டு ஆசனங்களும், அவற்றுக்குப் பின்னால் உருண்டையான பெட்ரோல் டாங்கியும், அதற்கும் பின்னால் கட்டிவைத்த உபரி டயர்களுமாக, பந்தய மைதானத்திலிருந்து நேரே தெருவுக்கு இறங்கி வந்ததுபோல் அவை காட்சியளித்தன. ஓட்டுகிறவனின் முகத்துக்கு நேரே ஸ்டீரிங் தண்டில் பொருத்திய சிறு வட்டக் கண்ணாடியைத் தவிரக் காற்றுக்கு மறைவென்று ஒன்றும் இல்லை. மெர்சர் வண்டி 70 மைல் வேகம் போகும் என்ற உத்தரவாதத்துடனேயே விற்கப்பட்டது. அதன் விலையோ 2,000 டாலருக்கு மேல். செல்வர் வீட்டுப் பிள்ளைகளே அதை எட்டிப் பிடிக்க முடிந்தது. தெருவோரத்தில் நின்று அதன் புழுதியை மட்டும் அனுபவித்த மற்றப் பிள்ளைகள், அந்த உருவத்தை மனத்தில் பதித்துக்கொண்டு தங்கள் கொட்டகைகளுக்குத் திரும்பினார்கள்.

ஃபோர்டு வண்டியாலும் ஓட முடியும் என்பதை அவர்களுக்கு முதலில் காட்டியது 1909-ஆம் ஆண்டில் நியூயார்க்கிலிருந்து சியாட்டில் வரை நடந்த கடல்முதல் கடல்வரையான பந்தயம். சியாட்டில் பொருட்காட்சியை ஒட்டி, ராபர்ட் குகன்ஹைம் அளித்த பரிசுக்காக ஜூன் 1-ஆம் தேதி புறப்பட்ட வண்டிகளுள் ஃபோர்டு வண்டிகள் இரண்டு. மட்கார்டுகளையும் வேண்டாத தகரத்தையும் களைந்துவிட்டு, ஷாமட் முதலிய கனத்த வண்டிகளின் பாதி எடைகூட இல்லாமல் அவை சென்றன. மற்ற வண்டிகள் சேற்றில் புதைந்த இடங்களில் ஃபோர்டு வண்டியை ஓட்டியவர்கள் இறங்கித் தூக்கியே கரை சேர்க்க முடிந்தது. 22 நாளில் இரண்டாம் எண் ஃபோர்டு வண்டி முதலாவதாகச் சியாட்டிலை அடைந்தது. வழியில் எஞ்சின் மாற்றப்பட்டது விதிக்கு விரோதம் என்று தீர்ப்பாகி, சில மாதங்களுக்குப் பின் பரிசு ஷாமட் வண்டிக்குப் போய்விட்டது உண்மையே. ஆனால் எடையைக் குறைத்தால் வேகம் தானே வரும் என்ற பாடத்தை அந்தத் தீர்ப்பு யார் மனத்திலிருந்தும் அழிக்கவில்லை.

1913-இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் தொடர்வரிசை முறை புகுந்தது. அதன் பயனாக, முன்பு பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சட்டகப் பொருத்து வேலை அடுத்த ஆண்டுக்குள் 93 நிமிஷத்துக்கு இறங்கிவிட, தொடக்கத்தில் 825 டாலர் விலையிலிருந்த இருவர் அமரும் ரனபவுட் வண்டி 1925-இல் 260 டாலருக்குக் கிடைத்தது. 1927 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்தன. கவிழ்ந்து உடல் நசுங்கியவை, மரச் சட்டம் உளுத்துக் கூரை சரிந்தவை, சொந்தக்காரன் புதிது வாங்கியதால் வைக்கோற் போருக்குப் பின்னால் தள்ளப்பட்டவை என்று அவற்றுள் கழிந்தவை எத்தனையோ! ஓர் ஊரில் கிடந்த வண்டியின் அச்சும் வேறோர் ஊரில் கிடந்ததன் எஞ்சினும் அரமும் சுத்தியலும் அதிகம் தேவைப்படாமல் ஒன்றோடொன்று பொருந்தின. பணக்காரரின் மெர்சரில் உடைந்த ஒரு பற்சக்கரத்துக்குத் தொழிற்சாலைக்கே எழுத வேண்டியிருக்க, ஃபோர்டு பற்சக்கரமோ எந்தச் சிற்றூரிலும் பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தது.

கட்டும் வேலை களைவதில் தொடங்கியது. உடல், கதவு, கூரை, மட்கார்டு எல்லாம் போய்ச் சட்டகம் மட்டும் எஞ்சியதும், முதற் காரியம் அதைத் தாழ்த்துவது. மாடல் டி வண்டியில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகக் குறுக்கே வளைந்த இரண்டே பட்டை வில்கள். அவை அச்சின்மேல் அமர்ந்திருந்ததால் வண்டி உயர்ந்து நின்றது. வில்லின் முனைகளை அச்சைவிடத் தாழ்வாகப் பிடிக்கும் வார்ப்பிரும்புத் தாங்கிகளைப் பொருத்தினால் சட்டகம் சில அங்குலம் இறங்கிவிடும். இதில் ஓர் அபாயம் உண்டு. முன் அச்சைப் பின்னோக்கி இழுத்துப் பிடிக்கும் கவட்டைக் கம்பியின் கோணம் இந்த மாற்றத்தால் பிசகினால், சக்கரங்கள் நேர்வழியில் தாமே நிற்பதற்கு வேண்டிய பின்சாய்வு போய்விடும். அப்புறம் 30 மைல் வேகத்திலேயே ஸ்டீரிங் கையை உதறத் தொடங்கும். இந்த நுட்பத்தை அறிந்து செய்தவனையும் அறியாமல் செய்தவனையும் முதல் வளைவே பிரித்துக் காட்டிவிட்டது. இருக்கை பின்னுக்குத் தள்ளித் தரையோடு இறங்கியதால் ஸ்டீரிங் தண்டை நீட்டிச் சாய்க்க வேண்டியதாயிற்று. மூல வண்டியில் பெட்ரோல் டாங்கி ஆசனத்தின் அடியில் இருந்தது. பெட்ரோல் தன் எடையாலேயே கார்புரேட்டருக்கு இறங்கியதால், டாங்கி பாதிக்கு மேல் காலியானால் செங்குத்தான மேட்டில் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஏற்றுவது அந்நாளைய வழக்கம். வேகவண்டியில் ஆசனத்தின் அடியில் இடமே இல்லை; ஆகவே ஆசனத்தின் பின்னே, கார்புரேட்டரைவிட உயரமாக டாங்கியை நிறுத்தினார்கள். பார்ப்பவர் அலங்காரம் என்று நினைக்கும் அந்த உருண்டை டாங்கியை அவ்வளவு உயரத்தில் வைத்தது அவசியமே.

பின் அச்சில் 40-க்கு 11 என்றிருந்த பற்களை 39-க்கு 13 ஆக மாற்றினால் எஞ்சின் மூன்று சுற்றுச் சுற்றுவதற்குள் சக்கரம் ஒரு சுற்று முழுதும் சுற்றிவிடும். மேட்டில் இழுவை குறைந்தாலும் சமவெளியில் ஓட்டம் கூடும். தாமே தகரம் அடிக்கத் தெரியாதவர்களுக்கு, கென்டக்கியில் ஓவன்ஸ்பரோ நகரத்து ஏம்ஸ் கம்பெனியும் லூயிவில் நகரத்து மெர்க்குரி கம்பெனியும் ஆயத்தமான உடல்களை விற்றன. பிரேக் விஷயத்தில்தான் அந்தத் தலைமுறை அசட்டையாக இருந்தது என்று சொல்ல வேண்டும். கியர்ப் பெட்டிக்குள் உருளையொன்றைச் சுற்றியிருந்த பட்டையை மிதித்து இறுக்குவதே முக்கியமான பிரேக்காக இருக்க, வேகத்தை மட்டும் அவர்கள் பெருக்கிக்கொண்டே போனார்கள்.

எஞ்சினுக்கு உயிர் ஊட்டியவர்களுள் தலையாயவர்கள் செவர்லே சகோதரர்கள். தன் பெயரைத் தாங்கிய கம்பெனியை விட்டு வெளியேறிய லூயி செவர்லே, ஃபிரான்டெனாக் என்ற பெயரில் பந்தய வண்டிகள் கட்டினார். அவர் தம்பி காஸ்டன் 1920-இல் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தை வென்று, அதே ஆண்டு நவம்பரில் கலிபோர்னியாவில் பந்தய ஓட்டத்திலேயே உயிர் நீத்தார். பின்னர் லூயியும் மற்றொரு தம்பி ஆர்தரும் ஃபோர்டு எஞ்சினுக்கென்றே ஒரு சிலிண்டர் தலையைத் தயாரித்தார்கள். ஃபோர்டு எஞ்சினில் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் இருந்ததால் வாயு வளைந்து நெளிந்து புகவேண்டியிருந்தது. புதிய தலையில் வால்வுகள் மேலே ஏறவே, எஞ்சின் தாராளமாக மூச்சு விட்டது. ஃபோர்டு எஞ்சினின் தலை தனியே கழற்றக்கூடியதாக அமைந்திருந்ததால், பழையதைக் கழற்றிப் புதியதை வைக்க ஒரு பிற்பகல் போதும். விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் நகரிலிருந்து ஜோ யாகர்ஸ்பெர்கர் விற்ற ராஜோ தலைகளும் இதே வழியைப் பின்பற்றின. 1923-ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸ் பந்தயத்தில், ஃபோர்டு எஞ்சினை ஆதாரமாகக் கொண்ட ஃபிரான்டி-ஃபோர்டு வண்டியை எல். எல். கோரம் ஓட்டி ஐந்தாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். பல மடங்கு விலையுள்ள பந்தய யந்திரங்களுக்கு நடுவே குடியானவன் வண்டியின் வாரிசு பெற்ற இந்த ஐந்தாம் இடத்தைப் பல முதற் பரிசுகளைவிட உயர்வாகவே மதிக்கிறேன். சக்தி கூடியபோது பலவீனமும் வெளிப்பட்டது: மூன்றே இடங்களில் தாங்கப்பட்ட மெல்லிய கிராங்க் தண்டு அதிவேகத்தில் வளைந்து துடித்து, சமயத்தில் இரண்டாக ஒடிந்தும் போயிற்று.

இன்று இந்த வண்டிகளை மறுபடியும் கட்டுகிறவர்களின் தர்மத்தைப்பற்றி ஒரு வார்த்தை. முழுமையாகத் தப்பிப் பிழைத்த பழைய டூரிங் வண்டியொன்றைப் பிரித்து ஸ்பீட்ஸ்டராக்குவது பாவம் என்று அபிமானிகளுள் பலர் கருதுகிறார்கள். நானும் அவர்கள் பக்கமே. அதற்கு அவசியமும் இல்லை. பொருளாதார மந்த காலத்தில் உடலை இழந்து உழவு யந்திரமாகவும் மரமறுக்கும் வாளைச் சுழற்றும் விசையாகவும் மாறிய ஃபோர்டு சட்டகங்கள் பண்ணைகளில் இன்னும் கிடைக்கின்றன. உடலே இல்லாத அவற்றுக்குத் தகுந்த மறுபிறவி இதுவே. அவற்றின் எஞ்சினில் கிராங்க் தண்டைத் தாங்கும் தாங்கிகள் குண்டுகளால் ஆனவை அல்ல. வெள்ளீயக் கலவையை உருக்கி நேரே எஞ்சின் உடலில் வார்த்து, பின்பு மயிரிழை அளவுக்குச் சுரண்டிப் பொருத்த வேண்டியவை. அந்த வார்ப்பு வேலை தெரிந்த கைகள் ஆண்டுக்கு ஆண்டு அருகி வருவதனால், கலை முற்றும் மறைவதற்குள் இளையவர் சிலர் முதியவர்களின் அருகிருந்து அதைக் கற்றுக்கொள்கிறார்கள். 1961 முதல் நடந்துவரும் ‘மான்டானா 500’ என்னும் நெடும்பந்தயத்தில் ஃபிரான்டெனாக் தலைக்கும் ராஜோ தலைக்கும் இடமில்லை. ஃபோர்டு எஞ்சினை அதன் மூல அமைப்பிலேயே ஓட்ட வேண்டும் என்பது விதி. ஆகவே போட்டியாளர்கள் பொருத்தத்தின் நேர்மையிலும் எடைக் குறைப்பிலும் தங்கள் சாமர்த்தியம் முழுவதையும் செலுத்தி, 20 குதிரைசக்தியென்று பெயர் பெற்ற அந்த எஞ்சினை மேடும் பள்ளமுமான மான்டானாச் சாலைகளில் மணிக்கு 50 மைலுக்கு மேல் ஓட்டுகிறார்கள்.