சட்டாம்பிள்ளை முதல் தற்காலிக ஆசிரியர் வரை

வாத்தியார் லீவு போட்டால் வகுப்பை யார் பார்ப்பது? சங்கரன்கோவில் பக்கத்துப் பள்ளிகளில் படித்தவர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் வருவார். அவரும் வராவிட்டால் லீடர் எழுந்து, பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவான். அந்த லீடருக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறே இருக்கிறது!

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். மூத்த மாணவன்தான் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பான். தனக்கு அந்தப் பாடம் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் தகுதி. 1789ல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதையும், மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் தம் பள்ளியில் நடைமுறைப்படுத்தினார். 1797ல் அதுபற்றி லண்டனில் புத்தகம் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டன் பள்ளிகளுக்கும் பரவியது. காரணம் எளிது, செலவு குறைவு.

இன்று மனப்பாடம் மட்டும் போதாது. இடைநிலை ஆசிரியருக்கு +2வுடன் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வேண்டும். பட்டதாரி ஆசிரியருக்குப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். +1, +2 வகுப்புகளுக்கு வணிகவியல் நடத்த எம்.காம்., பி.எட். வேண்டும். பி.காம். மட்டும் முடித்தவர்கள் கவனிக்கவும்!

2010ல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. தமிழகத்தில் 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள, ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் இதில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

தகுதி இப்படி ஏறியது. ஊதியம் ஏறியதா?

2003க்குப் பிறகு அரசுப் பள்ளிகளில் ஆசிரியர்கள் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 3,000 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 4,000 ரூபாய். 2006 ஜூன் முதல்தான் இவர்களுக்குக் காலமுறை ஊதியம் கிடைத்தது.

2022ல் காலியாக இருந்த 13,331 இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மூலம் தற்காலிகமாக நிரப்ப அரசு முடிவு செய்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று அறிவித்தது. தகுதியும் விதிமுறையும் சரியாகப் பார்க்கப்படுமா என்ற கேள்வி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை சென்றது. இடைக்காலத் தடையும் வந்தது. பிறகு தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு முன்னுரிமை என்று நெறிமுறைகள் திருத்தப்பட்டன.

காலியிடத்தை அப்படியே விட்டால் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்காது. அதனால் தற்காலிக ஆசிரியர் தேவைதான். ஆனால் பட்டமும் பி.எட்.டும் தேர்வும் முடித்து வருகிறவர், அடுத்த ஆண்டு இந்த வேலை இருக்குமா என்று தெரியாமலே வகுப்புக்குள் நுழைகிறார். சட்டாம்பிள்ளைக்குச் சம்பளம் கிடையாது. அவனிடம் யாரும் சான்றிதழும் கேட்கவில்லை. இவரிடம் எல்லாச் சான்றிதழும் கேட்கிறார்கள். அதற்கேற்ற சம்பளத்தை இவர் கேட்டால் தவறா?