தங்க வயலின் எண்கள்: புள்ளியியல் கற்பித்தலில் உள்ளூர்த் தரவின் இடம்

முன்னுரை

இந்தியாவில் புள்ளியியல் கல்வி களத்தில் பிறந்தது. பி.சி. மகலனோபிஸ் 1931இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். வங்காளத்துச் சணல் சாகுபடியை மதிப்பிட அவர் நடத்திய மாதிரிக் கணக்கெடுப்புகளே அங்கு பயின்றவர்களுக்குப் பாடமாயின. கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1941இல் புள்ளியியலில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. பாடம் கல்லூரிகளுக்குப் பரவியபோது களம் பின்தங்கி, சூத்திரம் முன்னுக்கு வந்தது. கற்பிக்கும் முறை பற்றிய அக்கறை உலக அளவில் எழுந்தது; புள்ளியியல் கற்பித்தலுக்கான முதல் பன்னாட்டு மாநாடு 1982இல் ஷெஃபீல்டில் கூடியது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2005இல் ஏற்ற வழிகாட்டுநெறிகள், உண்மையான தரவைக் கொண்டு கற்பிக்குமாறு பரிந்துரைத்தன. அத்தகைய தரவு நம் அருகிலேயே, கர்நாடகத்தின் கோலார் தங்க வயலின் வரலாற்றில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சராசரியின் பாடம்

ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880ஆம் ஆண்டை ஒட்டி இங்கு வேலையைத் தொடங்கியது. சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசுக்கும், 1962இல் மத்திய அரசுக்கும் கைமாறின. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. இந்த 120 ஆண்டுகளில் கிடைத்த தங்கம் சுமார் 800 டன். தொடக்கக் காலத்தில் ஒரு டன் தாதுவில் 40 கிராமுக்கு மேல் இருந்த தங்கம், இறுதியில் 3 கிராம் அளவுக்கு இறங்கியது. சுரங்கமோ 3 கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்டது. தாதுவின் தரம் இறங்க, அதை வெட்டி மேலே கொண்டுவரும் செலவு ஏற, இரண்டும் சந்திக்கும் புள்ளி எது? வணிகவியல் மாணவருக்கு இதைவிடத் தெளிவான ஆதாய நட்டச் சமநிலைக் கணக்கு கிடைப்பது அரிது.

தங்கம் பாறையில் சீராகப் பரவிக் கிடப்பதில்லை. பெரும்பாலான மாதிரிகளில் சொற்பமாகவும், சிலவற்றில் மிக அதிகமாகவும் இருக்கும். அந்தச் சில மாதிரிகள் சராசரியைத் தூக்கிவிடும். இடைநிலை அளவோ தாழ்ந்தே நிற்கும். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் இதே சிக்கலை எதிர்கொண்ட டி.ஜி. கிரிகே 1951இல் செய்த ஆய்விலிருந்துதான் புவிப்புள்ளியியல் என்ற துறை கிளைத்தது.

பூஜ்ஜியத்தின் பாடம்

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பி.வி. ஸ்ரீகண்டன் 1951இல் இச்சுரங்கங்களில் காஸ்மிக் கதிர்களை அளக்கத் தொடங்கினார். ஆழம் கூடக் கூட, அக்கதிர்களால் உண்டாகும் மியூவான் துகள்களின் எண்ணிக்கை குறைந்தது. 1960களின் தொடக்கத்தில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2,760 மீட்டர் ஆழத்தில் வைத்த கருவி, ஏறத்தாழ இரண்டு மாதங்களில் ஒரு மியூவானைக்கூடப் பதிவு செய்யவில்லை. எண்ணிக்கை பூஜ்ஜியம் என்பதால் வருகை வீதமும் பூஜ்ஜியம் என்று சொல்லிவிட முடியாது. பாய்சான் பரவலின்படி, 60 நாட்களில் ஒன்றும் பதிவாகாவிட்டால், 95 விழுக்காட்டு நம்பிக்கையுடன் சொல்லக்கூடியது இவ்வளவே: வீதம் நாளொன்றுக்கு 0.05ஐத் தாண்டாது. மற்றத் துகள்களின் இரைச்சல் இவ்வளவு அடங்கிய இடத்தில்தான் நியூட்ரினோவைத் தேட முடியும். அந்தத் துணிவில் டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா நகரப் பல்கலைக்கழக, டர்ஹாம் பல்கலைக்கழகக் குழுக்களும் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவின. வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்த செய்தி 1965 ஆகஸ்டில் வெளியானது. அதற்கு ஆதாரம் விரல்விட்டு எண்ணத்தக்க சில நிகழ்வுகளே. தரவு மிகக் குறைவாக இருக்கும்போதும் முறையாகச் சிந்தித்தால் உறுதியான முடிவை எட்டலாம் என்பதை மாணவர் இங்கே நேரடியாகக் காண்கிறார்.

இணையவழி வகுப்பில்

இத்தகைய பாடங்களை மாணவரிடம் கொண்டுசேர்க்க இன்று இணையம் இருக்கிறது. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் என்.பி.டி.இ.எல். என்னும் இணையவழிப் பாடத் திட்டத்தைத் தொடங்கின; 2017இல் ஸ்வயம் என்னும் இணையப் பாடத் தளம் வந்தது. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் அறிவித்த இணையவழிப் பட்டப்படிப்பில் புள்ளியியல் அடிப்படைப் பாடமாக இருக்கிறது. அதன் வணிகத் தரவு மேலாண்மைச் செயல்திட்டத்தில், மாணவர் உண்மையான ஒரு தொழில் நிறுவனத்திடமிருந்து தரவு திரட்டிப் பகுப்பாய்வு செய்ய வேண்டும். மகலனோபிஸின் களவழிக் கல்வி இணையத்தின் வழியே மீண்டும் வகுப்பறைக்கு வந்திருப்பதாகவே இதைக் கொள்ள வேண்டும். சுரங்கம் மூடியபின் தங்க வயலின் மாரிக்குப்பத்திலிருந்து தினமும் ரயிலேறிப் பெங்களூரில் பிழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இத்தகைய படிப்பு எட்டக்கூடியது.

முடிவுரை

கருவிகளும் காணொளிகளும் வந்துவிட்டன; குறைவது ஊரின் தரவு. தாதுத் தரம், உற்பத்தி, செலவு, விபத்து ஆகிய பதிவேடுகளை இலக்கவடிவில் திரட்டி, தமிழிலும் கன்னடத்திலும் பயிற்சிக் கணக்குகளாக்க வேண்டும். முன்னோர் உயிரைக் கொடுத்து உண்டாக்கிய இந்த எண்கள் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பாடமாக வேண்டும். கர்நாடகக் கல்லூரிகளும் தமிழகப் பல்கலைக்கழகங்களும் இப்பணியைச் சேர்ந்து தொடங்க முன்வர வேண்டும்.