ஜாம்கேட் சமுதாய நலப் பயிற்சி

ஜாம்கேட் சமுதாய நலப் பயிற்சி என்பது இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்தில் உள்ள ஜாம்கேட் நகரில், முழுமையான ஊரக நலத் திட்டம் என்னும் அமைப்பு நடத்திவரும் கல்வித் திட்டம் ஆகும். செவிலியம், மருத்துவம், பொதுநலவியல், சமூகப்பணி ஆகிய துறைகளைச் சேர்ந்த வெளிநாட்டு மாணவர்கள் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை இங்குத் தங்கிப் பயில்கின்றனர். வளர்ந்த நாடுகளின் மாணவர்கள் வளரும் நாடுகளுக்குச் செல்லும்போது பெரும்பாலும் "உதவி செய்ய" வருவதாகவே கருதப்படுகின்றனர். ஜாம்கேட்டில் அவர்கள் கற்க வருகின்றனர். கற்பிப்போரில் முதன்மையானவர்கள் சுற்றுப்புறச் சிற்றூர்களைச் சேர்ந்த, பெரும்பாலும் பள்ளி சென்றிராத பெண்கள் ஆவர்.

பின்னணி

ஜாம்கேட் நகரம் அகமதுநகர் மாவட்டத்தில் அமைந்துள்ளது. இம்மாவட்டம் 2024இல் அகில்யாநகர் எனப் பெயர் மாற்றப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால் இங்கு வறட்சி அடிக்கடி ஏற்படும்.

திட்டத்தைத் தொடங்கியவர்கள் மருத்துவர்களான ரஜனிகாந்த் அரோலே (1934–2011), மேபல் அரோலே (1935–1999) இணையர். இருவரும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். முதலில் இதே மாவட்டத்தில் வடாலா என்னும் ஊரில் இருந்த மருத்துவமனையில் பணியாற்றினர். அங்கு வந்த நோயாளிகளுள் பெரும்பாலோர் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் துன்புற்றனர் என்பதையும், குணமடைந்து சென்றவர்கள் அதே நீரையும் அதே உணவுப் பற்றாக்குறையையும் நோக்கியே திரும்பினர் என்பதையும் கண்டனர். பின்னர் அமெரிக்கா சென்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுநலவியல் பயின்றனர். 1970இல் நாடு திரும்பி ஜாம்கேட்டில் பணியைத் தொடங்கினர். உள்ளூர்த் தலைவர்கள் அளித்த பழைய கால்நடை மருந்தகக் கட்டடமே முதல் மருத்துவ நிலையமாக அமைந்தது.

1970களின் தொடக்கத்தில் மகாராட்டிரத்தைக் கடும் வறட்சி தாக்கியது. மக்கள் கேட்டவை மருந்துகள் அல்ல, உணவும் நீருமே. எனவே திட்டத்தின் முதல் பெரும்பணிகளுள் ஒன்றாக ஆழ்துளைக் கிணறு தோண்டுதல் அமைந்தது. பல ஊர்களில் கைக்குழாய்கள் தலித் மக்களின் குடியிருப்புகளில் அமைக்கப்பட்டன. அதுவரை பொதுக் கிணற்றில் நீர் எடுக்க மறுக்கப்பட்டவர்களின் தெருவுக்கு மற்றவர்கள் குடத்துடன் வர வேண்டியதாயிற்று. சாதியும் ஒரு நலவியல் காரணி என்பதை மாணவர்களுக்கு விளக்க இந்நிகழ்ச்சி இங்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

செவிலியரிலிருந்து ஊர் நலப் பணியாளருக்கு

தொடக்கத் திட்டம் வேறாக இருந்தது. ஏ.என்.எம். எனப்படும் பயிற்சி பெற்ற துணைச் செவிலியர்களை ஊர்களில் தங்கவைத்து, அவர்கள் வழியே தாய்சேய் நலப் பணிகளைச் செய்வதே நோக்கமாயிருந்தது. இது நடைமுறையில் வெற்றி பெறவில்லை. வெளியூரைச் சேர்ந்த இளம் பெண்கள் அறிமுகமில்லாத சிற்றூர்களில் தனியே வாழத் தயங்கினர். ஊர்ப் பெண்களும் அவர்களை எளிதில் ஏற்கவில்லை. பிள்ளை பெறாத ஓர் இளம்பெண் பேறுகாலத்தைப் பற்றிக் கூறும் அறிவுரைக்கு, பல பிள்ளைகளைப் பெற்று வளர்த்த மாமியார்கள் எவ்வளவு மதிப்பளித்திருப்பர் என்பதை ஊகிக்கலாம்.

இதன் பின்னரே ஒவ்வோர் ஊரும் தன் பெண்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் முறை உருவானது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் நடுத்தர வயதினர், எழுத்தறிவு அற்றவர்கள். பலர் தலித்துகள். வாரந்தோறும் ஜாம்கேட் வந்து தங்கி, சாதி வேறுபாடின்றி உடன் உண்டு பயின்று, ஊர் திரும்பினர். பேறுகாலப் பேணல், குழந்தைகளின் எடையைக் கண்காணித்தல், வயிற்றுப்போக்குக்கான முதலுதவி, குடும்பக் கட்டுப்பாடு, காசநோய், தொழுநோய் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே இனங்காணுதல் போன்றவை இவர்கள் கற்ற பாடங்கள். முழுநேர ஊதியம் பெறும் பணியாக இது அமைக்கப்படவில்லை. சிறுகடனும் சிறுதொழிலும் இவர்களின் வருவாய்க்கு வழிசெய்தன.

இதனால் செவிலியரின் பணி இல்லாமற் போகவில்லை, அதன் தன்மையே மாறியது. செவிலியர், சமூகப் பணியாளர் முதலியோர் அடங்கிய நடமாடும் குழு ஊர்களுக்குச் சென்று, ஊர்ப் பணியாளரால் இயலாதவற்றைக் கவனித்தது. அவரது பணியை மேற்பார்வையிட்டு ஆதரவளித்தது. செய்பவராக இருந்த செவிலியர் கற்பிப்பவராகவும் துணை நிற்பவராகவும் ஆனார். வெளிநாட்டுச் செவிலிய மாணவர்கள் இங்குக் கற்க வேண்டியவற்றுள் கடினமானது இந்த மாற்றமே எனலாம்.

இப்பட்டறிவை விளக்கும் கட்டுரை உலக சுகாதார அமைப்பு 1975இல் வெளியிட்ட தொகுப்பு நூலில் இடம்பெற்றது. 1978இல் அல்மா ஆத்தா மாநாடு ஆரம்ப நல வாழ்வுப் பேணலை உலகக் கொள்கையாக அறிவித்தபோது சுட்டப்பட்ட முன்மாதிரிகளுள் ஜாம்கேட்டும் ஒன்று. அரோலே இணையருக்கு 1979இல் மக்சேசே விருதும் 1990இல் பத்ம பூசண் விருதும் வழங்கப்பட்டன.

பயிற்சி நிலையம்

பார்வையாளர்களின் எண்ணிக்கை பெருகியதைத் தொடர்ந்து 1992இல் தனிப் பயிற்சி நிலையம் நிறுவப்பட்டது. அரசு ஊழியர்கள், இந்தியத் தொண்டு நிறுவனங்களின் பணியாளர்கள், ஆப்பிரிக்க ஆசிய நாடுகளின் களப்பணியாளர்கள், மேலை நாட்டு மாணவர்கள் ஆகியோர் இங்குப் பயில்கின்றனர். ஏறத்தாழ நூறு நாடுகளைச் சேர்ந்தோர் பயிற்சி பெற்றுள்ளதாகத் திட்டம் கூறுகிறது. ஆத்திரேலியாவின் மெல்பேர்ண் பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்கான களப்பாடத்தை இங்கு நடத்தியுள்ளது.

பாடமும் முறையும்

விரிவுரைகள் குறைவு. மாணவர்கள் ஊர்களுக்குச் சென்று மக்களுடன் சேர்ந்து ஊரின் வரைபடத்தைத் தரையில் வரைகின்றனர். கிணறு எங்கே, கழிவுநீர் எங்கே தேங்குகிறது, எந்த வீட்டுக் குழந்தை எடை குறைந்துள்ளது என்பன அதில் குறிக்கப்படுகின்றன. பின்னர் ஊர்ப் பணியாளர் வீடு வீடாகச் செல்வதை உடனிருந்து காண்கின்றனர்.

வயிற்றுப்போக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு லிட்டர் தூய நீரில் 6 மட்டமான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால் உயிர்காக்கும் நீர்மம் கிடைக்கும் என்பதைச் செவிலிய மாணவர் முதலாண்டிலேயே படித்திருப்பார். குடலில் சர்க்கரை உப்பையும் நீரையும் உடன் ஈர்த்துச் செல்வதும் அவருக்குத் தெரியும். ஆனால், நீர் கொடுத்தால் கழிச்சல் கூடும் என நம்பும் தாயிடம் அதைச் சொல்லி ஏற்கச் செய்வது எப்படி என்பது பாடநூலில் இல்லை. தேக்கரண்டி இல்லாத வீட்டில் அளவை எப்படிக் காட்டுவது என்பதும் இல்லை. உப்பு மிகுந்தால் தீங்கு விளையும் என்பதால் இது சிறு செய்தி அன்று. கரைசல் கண்ணீரைவிடக் கரிப்பாக இருக்கலாகாது என்று சுவைத்துப் பார்க்கச் சொல்வது களத்தில் பரவலாகக் கையாளப்படும் வழி.

தொழுநோய்ப் பாடமும் இத்தகையதே. நிறம் வெளுத்த, உணர்ச்சியற்ற தோல் படையை இனங்காண்பது எளிது. அதை ஒளித்து வைத்திருக்கும் ஒருவர் பிறரிடம் காட்டுவதற்கு ஆண்டுக்கணக்கான நம்பிக்கை வேண்டும். சில வாரங்கள் மட்டும் தங்கும் மாணவரால் அந்த நம்பிக்கையைப் பெற இயலாது. அது எவ்வாறு பெறப்பட்டது என்பதைக் கேட்டறிய மட்டுமே இயலும்.

மாணவர் செய்யத்தக்கவையும் தகாதவையும்

வளரும் நாடுகளுக்குச் செல்லும் மாணவர்கள் தம் நாட்டில் அனுமதிக்கப்படாத பணிகளை அங்கு மேற்கொள்வது நெடுங்காலமாகக் கண்டிக்கப்பட்டுவரும் வழக்கம். தையல் போடுதல், பேறு பார்த்தல் போன்றவற்றை ஏழை நோயாளிகளின் உடலில் முதன்முறையாகச் செய்து பார்ப்பதை அனுபவம் எனக் கொள்வோர் உள்ளனர். நோயாளிக்கு மறுக்கும் துணிவு இருப்பதில்லை. மொழி தெரியாத மாணவரால் அவரது இசைவைப் பெறவும் முடிவதில்லை. இவான் இலிச் 1968இல் மெக்சிக்கோவில் அமெரிக்க மாணவத் தொண்டர்களிடம் ஆற்றிய உரையில், நல்லெண்ணம் மட்டும் கொண்டு வருவோர் வராமலிருப்பதே மேல் என்று கடுமையாகச் சாடினார். 2010இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று இத்தகைய பயிற்சிகளுக்கான அறநெறி வழிகாட்டிகளை வெளியிட்டது. அனுப்பும் நிறுவனம், ஏற்கும் நிறுவனம், மாணவர் ஆகிய மூவரின் கடமைகளையும் அவ்வழிகாட்டி வரையறுக்கிறது. ஏற்கும் நிறுவனத்துக்கு ஏற்படும் செலவையும் பணிச்சுமையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அதன் முதன்மையான கருத்துகளுள் ஒன்று.

இந்தியாவில் மாநிலச் செவிலியர் மன்றப் பதிவு இல்லாதவர் செவிலியராகப் பணிபுரிய இயலாது. எனவே அயல்நாட்டு மாணவர் சட்டப்படியும் பார்வையாளரே. ஜாம்கேட் பயிற்சியின் அமைப்பு இதற்கு ஏற்றதாக உள்ளது. அங்கு மாணவர் கையில் ஊசி தேவைப்படுவதில்லை.

விளைவுகளும் விமர்சனங்களும்

திட்டத்தின் கணக்குப்படி 1971இல் 1000 பிறப்புகளுக்கு 176 ஆக இருந்த சிசு இறப்பு வீதம் பின்வந்த பத்தாண்டுகளில் பன்மடங்கு குறைந்தது. இவ்வெண்களைக் கவனத்துடன் கையாள வேண்டும். அதே காலத்தில் மகாராட்டிரம் முழுவதிலும் இறப்பு வீதம் குறைந்தது. 2010இல் உலக சுகாதார அமைப்பின் ஆய்விதழில் வெளியான ஒப்பீட்டு ஆய்வு இதனினும் நம்பத்தக்கது. திட்டம் நடைபெற்ற ஊர்களையும் அருகிலுள்ள பிற ஊர்களையும் ஒப்பிட்ட அவ்வாய்வு, முதன்வகை ஊர்களில் குழந்தைகள் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 30% குறைவு எனக் கண்டது. பின்னோக்கிய ஆய்வு என்பதால் தொடக்கநிலை வேறுபாடுகளை அதனால் முழுமையாக விலக்க இயலவில்லை.

இம்முறையைப் பிற இடங்களில் அப்படியே நிறுவுவது கடினம் என்பது மற்றொரு விமர்சனம். அரோலே இணையர் பல ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்ததை எந்தப் பாடத்திட்டத்திலும் சேர்க்க முடியாது. 2005இல் இந்திய அரசு தொடங்கிய ஆசா பணியாளர் திட்டம், ஊர்ப் பெண்ணே நலப் பணியாளர் என்னும் கருத்தை நாடு முழுவதற்கும் விரித்தது. எனினும் அதில் பள்ளிக் கல்வி தகுதியாக வைக்கப்பட்டது. ஜாம்கேட்டின் முதல் தலைமுறைப் பணியாளர்களுள் பலர் அத்தகுதியில் தேர்ந்திருக்க மாட்டார்கள். அவர்களுள் ஒருவரான முக்தாபாய் போல் 1988இல் வாசிங்டனில் நடந்த பன்னாட்டு நலவியல் மாநாட்டில் உரையாற்றினார்.

தமிழகத்தில் இத்தகைய பயிற்சி

அரோலே இணையர் பயின்ற வேலூர் கல்லூரியும் வெளிநாட்டுச் செவிலிய, மருத்துவ மாணவர்களைக் குறுகிய காலப் பயிற்சிக்கு ஏற்கிறது. அதன் ஊரகப் பிரிவான ரூசா 1977இல் கே. வி. குப்பம் வட்டாரத்தில் தொடங்கப்பட்டது. அங்கும் நலப்பணியுடன் வேளாண்மை, தொழிற்பயிற்சி ஆகியவை இணைக்கப்பட்டன. ஆயினும் ரூசா ஒரு பெரிய மருத்துவக் கல்லூரியின் கிளையாக வளர்ந்தது. ஜாம்கேட் அவ்வாறான பின்புலம் இன்றி உருவானது. இரண்டையும் காணும் வாய்ப்புப் பெறும் மாணவர் இந்த வேறுபாட்டை நேரில் அறியலாம்.