பிரசவ நாள் நெருங்கும்போது வரும் பயம்: கர்ப்பிணிகளும் வீட்டாரும் அறிய வேண்டியவை

ஒன்பதாவது மாதம் தொடங்கிவிட்டால் கர்ப்பிணியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "டேட் எப்ப கொடுத்திருக்காங்க?" அந்தத் தேதியைச் சொல்லிச் சொல்லியே அவளுக்குள் பயம் ஏறுகிறது. இரவில் தூக்கம் வருவதில்லை. வயிறு லேசாக இறுகினாலும் நெஞ்சு படபடக்கிறது. கேட்டால் "ஒண்ணுமில்ல உம்மா" என்பாள். வீட்டாரும் "நாங்கள்லாம் பெத்துக்கலையா, பயப்படாதே" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

அந்தப் பதிலால் பயம் போவதில்லை. பிரசவ பயம் என்று நாம் சொல்வது பல பயங்கள் சேர்ந்த ஒரு மூட்டை. அவிழ்த்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு ஒரு விளக்கமோ, முன்கூட்டியே செய்துகொள்ளக்கூடிய ஏற்பாடோ இருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பயப்படுவது பலவீனமா?

இல்லை. தலைப்பிரசவத்துக்குக் காத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு அளவில் பயம் உண்டு. இரண்டாவது, மூன்றாவது பிரசவத்துக்குப் போகிறவர்களுக்கும் உண்டு. முதல் பிரசவம் கஷ்டமாக இருந்திருந்தால் அவர்களுடைய பயம் இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

"ஈமான் உள்ளவள் இப்படிப் பயப்படலாமா?" என்று சிலர் கேட்டுவிடுகிறார்கள். மர்யம் (அலை) அவர்கள் பேரீச்சை மரத்தடியில் பிரசவ வேதனை தாங்காமல், இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று வருந்தியதைத் திருக்குர்ஆனின் 19-வது அத்தியாயம் மறைக்காமல் எடுத்துரைக்கிறது. அவர்களை யாரும் அங்கே கண்டிக்கவில்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதலும், குடிக்கத் தண்ணீரும், உண்ணப் பழமும்தான் கிடைத்தன. வலியில் இருக்கும் பெண்ணிடம் நடந்துகொள்ளும் முறைக்கு இதைவிட நல்ல பாடம் நமக்குத் தேவையில்லை.

தேதி என்பது ஒரு கணக்குதான்

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாட்களைக் கூட்டிச் சொல்வதுதான் மருத்துவர் தரும் தேதி. அந்த நாளோடு 7 நாள் கூட்டி, 3 மாதம் பின்னால் போனால் கிட்டத்தட்ட அதே தேதி வரும். உதாரணமாக, கடைசி மாதவிடாய் ஜனவரி 10 என்றால் பிரசவத் தேதி அக்டோபர் 17. ஆரம்ப மாதங்களில் எடுக்கும் ஸ்கேன் இதை இன்னும் சரியாக்கும்.

ஆனால் சரியாக அந்த நாளில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். 37 வாரம் முடிந்ததிலிருந்து 42 வாரத்துக்குள் எப்போது பிறந்தாலும் அது காலத்தில் பிறந்த குழந்தையே. ஆகவே தேதி தாண்டிய மறுநாளே பதற வேண்டியதில்லை. அதே சமயம் சும்மா இருந்துவிடவும் கூடாது. தேதி தாண்டினால் மருத்துவர் சொல்கிற நாளில் பரிசோதனைக்குப் போய்விட வேண்டும். 41 வாரம் ஆகிவிட்டால் மருந்து கொடுத்து வலி வரவைப்பது பற்றி அவரே பேசுவார். வீட்டில் விளக்கெண்ணெய் கொடுத்து வலியை வரவழைக்கும் பழக்கம் வேண்டாம். வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான் மிஞ்சும்.

பயம் உடலில் என்ன செய்கிறது?

இங்கிலாந்தைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1930களிலேயே இதைப் பற்றி எழுதினார். பயந்தால் உடல் இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயம் மேலும் கூடும் என்பது அவருடைய கருத்து. கருப்பையைச் சுருங்க வைப்பது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் அதன் வேலைக்கு இடைஞ்சல் செய்யக்கூடும். அதனால்தான் வலி வந்த பெண்ணைச் சுற்றி நின்று சத்தம் போடுவதும் திட்டுவதும் பிரசவத்தை இன்னும் கடினமாக்குகிறது.

இதைக் காரணமாக வைத்து "நீ பயந்ததால்தான் இப்படி ஆச்சு" என்று யாரும் அவளைச் சொல்லக் கூடாது. குழந்தையின் எடை, தலை இருக்கும் நிலை, இடுப்பெலும்பின் அமைப்பு என்று பிரசவத்தை முடிவு செய்யும் காரணங்கள் பல. பயத்தைக் குறைப்பது சுற்றியிருப்பவர்களின் பொறுப்பு.

சூட்டு வலியா, பிரசவ வலியா?

"வலி வந்தது தெரியாமல் இருந்துவிடுவேனோ" என்பது பலருக்கும் உள்ள கவலை. கடைசி மாதங்களில் வயிறு அவ்வப்போது இறுகித் தளரும். இதைத்தான் நம் வீடுகளில் சூட்டு வலி என்கிறோம். இது ஒழுங்கில்லாமல் வரும், நடந்தாலோ படுத்தாலோ தண்ணீர் குடித்தாலோ அடங்கிவிடும்.

உண்மையான பிரசவ வலி அடங்காது. இடைவெளி குறைந்துகொண்டே வரும், வலி கூடிக்கொண்டே போகும், பெரும்பாலும் இடுப்பிலிருந்து முன்வயிற்றுக்குப் பரவும். 5 நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் சுமார் 1 நிமிடம், இப்படியே 1 மணி நேரம் நீடித்தால் கிளம்பிவிடலாம் என்பது தலைப்பிரசவத்துக்குச் சொல்லப்படும் பொதுவான கணக்கு. மருத்துவமனை தூரம் என்றாலோ, இது இரண்டாவது பிரசவம் என்றாலோ இன்னும் முன்பே கிளம்புவது நல்லது.

இந்தக் கணக்கிலேயே ஒரு ஆறுதலும் இருக்கிறது. 5 நிமிடத்துக்கு 1 நிமிடம் வலி என்றால், ஒரு மணி நேரத்தில் வலி 12 நிமிடம், ஓய்வு 48 நிமிடம். பிரசவம் நெருங்கும்போது ஓய்வு குறையும். ஆனாலும் ஒவ்வொரு வலிக்கும் ஒரு முடிவு உண்டு.

எவ்வளவு நேரம் ஆகும்?

கருப்பை வாய் மெல்லத் திறக்கும் ஆரம்பக் கட்டத்துக்குக் காலக்கணக்கு இல்லை. தலைப்பிரசவத்தில் இதற்கே ஒரு நாள் ஆகிவிடலாம். இந்த நேரத்தில் முடிந்தவரை சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, தூங்கி எழலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2018-ம் ஆண்டு வழிகாட்டுதலின்படி 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் தீவிரக் கட்டம் தொடங்குகிறது. அது தலைப்பிரசவத்தில் பெரும்பாலும் 12 மணி நேரத்தைத் தாண்டாது, அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்தைத் தாண்டாது. முழுதும் திறந்த பின் குழந்தை வெளிவர முதல் முறை 3 மணி நேரம் வரையும், அடுத்த முறைகளில் 2 மணி நேரம் வரையும் ஆகலாம். பிறகு நஞ்சுக்கொடி பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

தையல் பற்றிய பயமும் பலருக்கு இருக்கிறது. தலைப்பிரசவத்தில் சிறு கிழிசல் ஏற்படுவது சகஜம், பெரும்பாலானவை சில வாரங்களில் ஆறிவிடும். எல்லோருக்கும் வழக்கமாகக் கத்தரித்துவிடும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. அவசியம் இருந்தால் மட்டும் செய்யுமாறு மருத்துவரிடம் முன்பே பேசிவைக்கலாம்.

வலியைக் குறைக்கவும் வழிகள் உண்டு. படுத்தே கிடக்காமல் நடப்பது, பக்கவாட்டில் சாய்வது, இடுப்பை அழுத்தித் தேய்த்துவிடுவது, வெந்நீர் ஒத்தடம், மூச்சை மெல்ல இழுத்து நீளமாக விடுவது ஆகியவை எந்தச் செலவும் இல்லாதவை. முதுகுத்தண்டு பக்கம் ஊசி போட்டு வலியைக் குறைக்கும் எபிடியூரல் முறை சில மருத்துவமனைகளில் உண்டு. வேண்டுமென்றால் அந்த வசதி இருக்கிறதா, எவ்வளவு செலவாகும் என்று எட்டாவது மாதத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

கூட யார் இருப்பது?

பிரசவம் முழுக்க ஒருவர் விடாமல் கூடவே இருந்து தைரியம் சொன்னால் சுகப்பிரசவத்துக்கு வாய்ப்புக் கூடுகிறது, வலி நேரம் குறைகிறது, ஆபரேஷன் குறைகிறது. 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளிவந்த முடிவு இது. தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறையில் பெண் துணை ஒருவரை அனுமதிக்கும் திட்டம் 2004 முதலே இருக்கிறது. தனியார் மருத்துவமனை என்றால் அங்கே என்ன விதி என்று முன்கூட்டியே கேளுங்கள்.

யாரைத் துணையாக வைத்துக்கொள்வது என்பதைக் கர்ப்பிணியே முடிவு செய்யட்டும். உம்மாவாக இருக்கலாம், ராத்தாவாக இருக்கலாம், மாமியாகவும் இருக்கலாம். அவள் யாரிடம் கூச்சமில்லாமல் அழ முடியுமோ அவரே சரியான துணை. எளிதில் பதறுகிறவர் வேண்டாம்.

கணவர் சவூதியிலோ துபாயிலோ இருப்பது நம் ஊர்களில் வழக்கமான நிலை. "அவங்க இல்லாம எப்படி?" என்பது இந்தப் பெண்களுக்கு மற்ற எல்லா பயத்தையும்விடப் பெரிதாக இருக்கலாம். விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் தேதிக்கு முன்பும் பின்பும் இரண்டு வாரம் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். முடியாதவர்கள் தினமும் ஒரு குறித்த நேரத்தில் பேசுங்கள். பணம், வண்டி, ரத்தம் கொடுப்பவர், அவசரத்தில் கையெழுத்துப் போடுபவர் யார் யார் என்பதை இப்போதே முடிவு செய்து அவளிடம் சொல்லிவிடுங்கள்.

பர்தா பற்றிய கவலை

ஆண் மருத்துவர் வந்துவிடுவாரோ என்ற தயக்கத்தைப் பலர் வெளியில் சொல்வதில்லை. பரிசோதனைக்குப் போகும்போதே சொல்லிவிடுங்கள். பெண் மருத்துவர் எந்த நேரத்தில் இருப்பார், இரவில் யார் வருவார், மறைப்புத் துணி கிடைக்குமா என்று கேட்பதில் தவறில்லை. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுப்பவர் ஆணாக இருக்கலாம் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பெண் மருத்துவர் இல்லாத அவசர நிலையில் ஆண் மருத்துவரிடம் சிகிச்சை பெறுவதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் வாசலில் நின்று வாக்குவாதம் செய்வது இரண்டு உயிர்களுக்கும் ஆபத்து.

ஆபரேஷன் பயமும் வீட்டுப் பிரசவமும்

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். நாடு முழுவதற்குமான அளவு 21.5 சதவீதம். இதைப் பார்த்து "எப்படியும் கத்தி வைத்துவிடுவார்கள்" என்று பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஏன் ஆபரேஷன், இப்போதே செய்ய வேண்டுமா, காத்திருந்தால் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளை மருத்துவரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று சொல்லப்படும்போது மட்டும் தாமதிக்க வேண்டாம். ஆபரேஷனில் பெற்றவள் எந்த விதத்திலும் குறைந்த தாய் அல்ல.

இந்தப் பயத்துக்குத் தீர்வாகச் சிலர் வீட்டிலேயே பிரசவம் பார்க்கத் துணிகிறார்கள். 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் வீடியோக்களைப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்தபோது ஒரு இளம் தாய் அதிக ரத்தப்போக்கால் உயிரிழந்தார். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வரலாம், எல்லாம் நன்றாக இருந்த பெண்ணுக்கும் வரலாம். அதைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசியும், ஏற்ற வேண்டிய ரத்தமும் வீட்டில் கிடையாது. ஆபரேஷன் வேண்டாம் என்று நினைப்பவர்கள் சுகப்பிரசவத்துக்குப் பொறுமை காட்டும் மருத்துவமனையைத் தேடட்டும்.

உடனே கிளம்ப வேண்டிய நேரங்கள்

வலிக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டியவை:

- பனிக்குடம் உடைந்து நீர் வடிதல், முக்கியமாக நீர் பச்சை நிறமாக இருந்தால்
- ரத்தப்போக்கு
- குழந்தையின் அசைவு குறைதல் (நாள் நெருங்கினால் அசைவு குறையும் என்று சொல்வது தவறு)
- கடும் தலைவலி, பார்வை மங்கல், முகம் கை வீக்கம், மேல்வயிற்றில் வலி
- காய்ச்சல், வலிப்பு, மூச்சுத்திணறல்

108 ஆம்புலன்ஸ் எண் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். கர்ப்பிணி அட்டை, பிக்மி எண், ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார், ரத்த வகைச் சீட்டு, தாய்க்கும் குழந்தைக்குமான துணிகள் எல்லாம் 36-வது வாரத்திலேயே ஒரு பையில் தயாராக இருந்தால் பாதி பதற்றம் குறையும்.

பயம் எல்லை மீறினால்

சிலருக்குப் பயம் இதோடு நிற்பதில்லை. தொடர்ந்து தூக்கமின்மை, கெட்ட கனவுகள், சாப்பாடு இறங்காமை, பரிசோதனைக்கே போக மறுத்தல், "நான் பிழைக்க மாட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லுதல் ஆகியவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள். மருத்துவத்தில் இதற்கு டோக்கோஃபோபியா என்று பெயர். கர்ப்பிணிகளில் சுமார் 14 சதவீதம் பேருக்குக் கடுமையான பிரசவ பயம் இருப்பதாக 2017-ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த அறிக்கை சொல்கிறது. இது பேச்சு சிகிச்சையால் குறையக்கூடியது. மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலும் இலவசமாகப் பேசலாம்.

வீட்டாருக்கு

கர்ப்பிணியின் எதிரில் உட்கார்ந்து, யாருக்கு எப்படிக் கஷ்டமானது, யார் இறந்துபோனார்கள் என்ற கதைகளைப் பேசாதீர்கள். வருகிற விருந்தினர் பேசினால் பேச்சை மாற்றுங்கள். "பயப்படாதே" என்று சொல்வதற்குப் பதிலாக "எதை நினைச்சுப் பயமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள். அவள் சொல்வதில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் குறித்து அடுத்த பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். துஆவும் செய்யுங்கள், வண்டிக்கும் சொல்லிவையுங்கள்.