டொயோட்டா: நிற்கத் தெரிந்த இயந்திரம்

ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் கார் செய்யத் தொடங்கும் முன்பே அதன் தானியக்க முறை தறிக்கூடத்தில் உருவாகிவிட்டது. தச்சரின் மகனான சகிச்சி டொயோடா 1924-இல் முழுமைப்படுத்திய ஜி வகைத் தறி, ஓட்டம் நிற்காமலே நாடாவை மாற்றிக்கொள்ளும். பாவிலோ ஊடையிலோ இழை அறுந்தால் தானே நின்றுவிடும். இந்த இரண்டாவது திறன்தான் பெரிது. இழை அறுந்தும் ஓடுகிற தறி துணியைப் பாழாக்கும் என்பதால், அத்திறன் இல்லாத தறியை விட்டு ஆள் கண்ணெடுக்க முடியாது. அந்தக் காவல் தேவையற்றுப் போனதும் ஒருவரே முப்பது தறிகளைக் கவனித்தார். நெசவு இயந்திரங்களை உலகுக்கே விற்றுவந்த இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் நிறுவனம் 1929-இல் இதன் காப்புரிமையை விலை கொடுத்து வாங்கியது.

அப்படியானால் மற்றத் தறிகளில் நின்றிருந்தவர்கள் என்ன ஆவார்கள்?

இந்தக் கேள்வி கார் ஆலைக்கும் வந்தது. டொயோடா நூற்பாலையிலிருந்து 1943-இல் கார் நிறுவனத்துக்கு மாறிய தாயீச்சி ஓனோ, ஒரே ஆள் பல இயந்திரங்களைப் பார்க்கும் முறையை அங்கே புகுத்தியபோது தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். 1950-இல் நிறுவனத்தின் கடன் நெருக்கடி முற்றி, ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம் என்று வளர்ந்தது. 2,000-க்கும் மேற்பட்டோர் வெளியேறினர், தலைவர் கீச்சிரோ டொயோடாவும் பதவி விலகினார்.

மறு ஆண்டே தொழிலாளர்களிடம் யோசனை கேட்கும் திட்டம் தொடங்கியது. 1962-இல் நிர்வாகமும் தொழிற்சங்கமும் பரஸ்பர நம்பிக்கையை வலியுறுத்தும் கூட்டறிக்கை வெளியிட்டன. இந்த நம்பிக்கை இல்லாமல் அந்தத் திட்டம் பலன் தராது. தன் யோசனையே தன் வேலைக்கு உலை வைக்கும் என்ற அச்சம் இருந்தால் எந்தத் தொழிலாளியும் வாய் திறக்கமாட்டார்.

யோசனை பிறக்கக் கைப்பழக்கமும் வேண்டும். 1966-இல் பணியில் சேர்ந்து, பட்டறைத் தொழிலாளியாக இருந்து 2017-இல் செயல் துணைத் தலைவர் பொறுப்புக்கு உயர்ந்த மிட்சுரு கவாய் இதில் பிடிவாதமாக இருந்தார். ரோபோ, கற்றுக்கொடுத்ததைத்தான் திரும்பச் செய்யும். அதைவிட நல்ல வழியைக் கண்டுபிடிக்காது. அதனால் தானியங்கி ஆலைகளுக்குள்ளேயே கைவேலைப் பிரிவுகளை உண்டாக்கினார். கிராங்க் ஷாஃப்டுக்கான இரும்பை இளைஞர்கள் கையாலேயே திருப்பித் திருப்பி அடித்துப் பழகினார்கள். அங்கே கற்றது இயந்திர வரிசைக்குப் போனதும் உலோகச் சேதாரம் சுமார் 10 விழுக்காடு குறைந்தது.

ஆனால் நம்பிக்கையும் கைப்பழக்கமும் சேர்ந்த இந்த ஏற்பாட்டின் பயன் பெரும்பாலும் நிரந்தரத் தொழிலாளர்களுக்கே கிடைத்தது. பத்திரிகையாளர் சதோஷி கமாட்டா 1972-இல் பருவத் தொழிலாளியாக டொயோட்டாவில் சேர்ந்து, கன்வேயரின் வேகம் உடம்பை எப்படி வதைக்கிறது என்பதை மறு ஆண்டு நூலாக எழுதினார். சில மாத ஒப்பந்தத்தில் வருகிறவருக்கு வேலை உறுதியும் இல்லை, தொழிலை நிதானமாகக் கற்க நேரமும் இல்லை.